பொன்னேரிக் கடைச் சுவரில் என் சான்றிதழ்

அந்த யோசனை எனக்கு வந்தது, மருந்தகக் கவுண்டரின் கண்ணாடித் துவாரத்தில் இரண்டு மாத்திரை அட்டைகள் நீட்டப்பட்ட நொடியில். ஒன்று முழு அட்டை. எங்கள் ஆஸ்பத்திரியில் கொடுத்தது. மற்றது கத்தரியால் குறுக்கே வெட்டிய துண்டு. மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் வெட்டப்பட்ட மறுபாதியோடு போய்விட்டன. ஓரத்தில் அந்தப் பெயரின் நான்கு எழுத்துகள் மட்டும் மிச்சம்.

நீட்டியவர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு இரும்பு உருட்டாலையின் சூப்பர்வைசர். அவருக்குப் பின்னால் இரண்டு பேர் ஒரு தொழிலாளியைத் தோளில் தாங்கியிருந்தார்கள். ஒல்லியான ஒடிசாக்காரர், ஒரு காதில் கடுக்கன். நிற்க முடியாமல் ஆடினார். கண்கள் பக்கவாட்டில் துடித்துக்கொண்டே இருந்தன. நாக்கு குழறியது.

"காலைலயே தண்ணி ஏத்திக்கினு வந்துட்டாம்மா. ஃபர்னஸ் பக்கத்துல உய்ந்திருந்தான்னா யாரு பதில் சொல்றது? இத்த வேற பாக்கெட்ல வச்சிக்கினு கீறான். இன்னா மாத்திரைன்னு பாரு."

நான்கு எழுத்துகள் போதுமாயிருந்தன. இரண்டு அட்டையிலும் இருந்தது ஒரே வலிப்பு மாத்திரை. கம்பெனி வேறு, நிறம் வேறு. உள்ளே ஒரே மருந்து. அவர் இரண்டையும் வேறுவேறு மருந்தென்று நினைத்து இரண்டு வாரமாகச் சேர்த்து விழுங்கியிருக்கிறார். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் கேட்டபோது, வெட்டிய துண்டு பொன்னேரி ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் வாங்கியது என்றார்.

கவுண்டரை அப்படியே விட்டுவிட்டு, அவரைத் தாங்கி வந்தவர்களோடு அவசரப் பிரிவுக்கு ஓடினேன்.

"சார், குடிக்கல. வாய மோந்து பாருங்க, வாடையே இல்ல. மருந்து அதிகமாயிடுச்சு."

டியூட்டி டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க ஏன்மா கவுண்டர விட்டுட்டு வந்தீங்க?" என்றார். ஆனாலும் ரத்தம் எடுத்து சென்னைக்கு அனுப்பினார். மூன்றாம் நாள் முடிவு வந்தது. அந்த மருந்து ரத்தத்தில் இருக்க வேண்டிய அளவை எங்கோ தாண்டியிருந்தது.

அன்று கவுண்டருக்குத் திரும்பி வரும்போதே என் தலைக்குள் ஒன்று பற்றிக்கொண்டது. மருந்து கொடுப்பவள் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கவே கூடாது. வார்டுக்குள், கட்டிலின் பக்கத்தில், டாக்டரோடு நிற்க வேண்டும். நான் அப்படித்தான். ஒன்று தோன்றிவிட்டால் உட்கார முடியாது. மதியச் சோற்றை ஒரு கையில் பிசைந்துகொண்டே மறு கையில் போனைத் தேடித் தேடி, அந்த மேற்படிப்பைக் கண்டுபிடித்தேன்.

வளரும் நாடுகளில் ஆஸ்பத்திரி வேலையிலிருக்கும் மருந்தாளுநர்களுக்கான முதுநிலைப் பயிற்சி அது. இரண்டு ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள், கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு பெரிய போதனா மருத்துவமனை, ஆசியாவில் சில கல்லூரிகள், எல்லாம் சேர்ந்து நடத்துகின்றன. முதல் வருடம் வேலை பார்த்துக்கொண்டே இணைய வகுப்பு. அடுத்து ஆறு மாதம் அந்த ஆப்பிரிக்க மருத்துவமனை வார்டில். பிறகு அவரவர் ஊருக்குத் திரும்பி, அவரவர் ஆஸ்பத்திரியில் அந்த வேலையைத் தொடங்கிக் காட்ட வேண்டும். கட்டணம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். எங்கள் அறுபது கட்டில் ஆஸ்பத்திரியில் நான் வார்டுக்குள் நுழைய இதைவிட்டால் வேறு வாசல் இல்லை. சொந்தச் செலவில் மறுபடி கல்லூரிக்குப் போகிற குடும்பமில்லை எங்களுடையது. அப்பா இன்னும் ஒரு டயர் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலைதான் பார்க்கிறார்.

விண்ணப்பத்தில் ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள்: இந்தப் பயிற்சி உங்களுக்கு ஏன் வேண்டும்? நான் கடுக்கன்காரரைப் பற்றி எழுதினேன். வெட்டிய துண்டைப் பற்றி, நான்கு எழுத்துகளைப் பற்றி, 'மருந்தாளுநர் இல்லாத ஏதோ ஒரு கடையின் அலட்சியம்' பற்றி. அந்த வரியை எழுதிவிட்டு இரண்டு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது.

முதல் வடிகட்டலில் தேறினேன். சனிக்கிழமை மதியங்களில் தேறியவர்களுக்கெல்லாம் திரையில் ஆயத்த வகுப்பு. ஆளுக்கொரு நாட்டிலிருந்து முகங்கள். ஒருவர் பேசும்போது பின்னால் சேவல் கூவும். ஒருவருக்குப் பாதியில் கரன்ட் போய்விடும். ஒரே நோயாளிக்கு ஒன்பது மருந்து எழுதிய சீட்டைத் திரையில் காட்டி, எதை நிறுத்தலாம் என்பார்கள். நான் முந்திக்கொண்டு சொல்லிவிடுவேன். நேபாளத்திலிருந்து ஒரு பெண், என் வயதுதான், "கொஞ்சம் மூச்சு விடு, எங்களுக்கும் ஒன்று மிச்சம் வை" என்று தனியாகச் செய்தி அனுப்புவாள். அப்படித்தான் சிநேகமானோம்.

எங்கள் மருந்தகத்தின் பொறுப்பாளர் சாருக்கு இதெல்லாம் வேடிக்கை. "இன்னாம்மா டாக்டரு, இன்னிக்கு ரவுண்ட்ஸ் போவலியா?" என்பார். "ஆப்பிரிக்கா போய்ட்டு வரச்சொல்ல எனக்கு ஒரு சிங்கக்குட்டி இட்டுக்கினு வா." நான் சிரித்துக்கொண்டே ஸ்டாக் எண்ணுவேன். அந்த வாரங்களில் எனக்குக் கோபமே வரவில்லை.

இங்கே நான் சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

மருந்துக் கடை வைக்க, பதிவு பெற்ற மருந்தாளுநர் ஒருவர் கடையில் இருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பல கடைகளில் ஆள் இருக்க மாட்டார். அவருடைய சான்றிதழ் சட்டம் போட்டுச் சுவரில் இருக்கும். என்னோடு படித்தவர்களில் பலருடைய சான்றிதழ் இப்படி ஏதாவது ஒரு சுவரில்தான் இருக்கிறது. கல்யாணமாகி துபாய் போனவளுடையதுகூட. என்னுடையது பொன்னேரியில், அக்கா வீட்டுக்காரர் கடையில்.

மாமா பல வருடம் மொத்த வியாபாரியிடம் வேலை பார்த்தவர். எந்த மருந்து எந்த அலமாரியில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்; ஆனால் படிப்பு இல்லை. நான் கல்லூரியில் சேர்ந்த வருடம் கவுன்சலிங் நாளில் அப்பாவுக்கு லீவு கிடைக்காமல், மாமாதான் என்னைக் கூட்டிக்கொண்டு போய் வெயிலில் நின்றார்; அப்போது யாரோ ஒருவரின் சான்றிதழில் ஓடிய தன் கடை வருமானத்தில் ஃபீஸும் கட்டினார். நான் தேர்ச்சியாகிப் பதிவும் செய்து, ஆஸ்பத்திரியில் சேர்ந்த மாதம் வீட்டுக்கு வந்தார். ஆஸ்பத்திரி உரிமத்தில் பொறுப்பாளர் சாரின் பெயர் இருந்ததால் என் பெயர் யாருக்கும் தேவைப்படாமல் சும்மா கிடந்தது.

"பாப்பா, உன் சர்ட்டிபிகேட்டு பொட்டில தூங்கிக்கினு கீது. என் கடை செவுத்துல வந்து தூங்கட்டுமே" என்றார். எல்லோரும் சிரித்தோம். மறுக்கலாம் என்பதே எனக்குத் தோன்றவில்லை.

அதிலிருந்து மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் கறிச்சோறு. சாப்பிட்ட இடத்தை அக்கா துடைத்ததும் மாமா கடைப் பதிவேட்டை விரிப்பார். அந்த வாரம் விற்ற மருந்துகளை அவர் எழுதியிருப்பார். ஒவ்வொரு வரிக்கும் நேராக மருந்தாளுநர் கையெழுத்து நான். வரும் வாரத்துக்கான காலிப் பக்கத்திலும் போட்டு வைப்பேன். இரண்டு பேனா. "ஒரே இங்க்குன்னா சந்தேகம் வந்துடும் பாப்பா" என்பார் மாமா. வரிகளைப் படிக்க மாட்டேன். டிவி பார்த்துக்கொண்டே போடுவேன்.

மருந்து ஆய்வாளர் வந்தால் மாமா போன் செய்து, "பெரியப்பா வந்துகீறாரு" என்பார். ஒருமுறைதான் அப்படி நடந்தது. அரை நாள் லீவு சொல்லி, ஷேர் ஆட்டோ பிடித்து, கும்மிடிப்பூண்டியில் ரயிலேறி, கவரைப்பேட்டை தாண்டுவதற்குள் பத்துத் தரம் மணி பார்த்து, கடைக்குள் நுழைந்து ஆணியில் தொங்கிய வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டேன். 'சாப்பிடப் போயிருந்தேன் சார்' என்று சொன்னது எனக்கே உண்மைபோல இருந்தது.

நேர்காணல் வெள்ளிக்கிழமை என்று குறித்திருந்தார்கள். அதற்கு முந்தைய வாரம், சனிக்கிழமை வகுப்பு முடிந்த கையோடு அந்த மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் அந்தப் பயிற்சியின் ஒருங்கிணைப்பாளரான பெண்மணி. மிக மரியாதையான நான்கு வரிகள். நான் மூன்று வருடமாக ஆஸ்பத்திரியில் முழுநேர வேலை என்று எழுதியிருக்கிறேன். ஆனால் என் பதிவு பற்றி அவர்களுக்கு நேரடியாகப் போன சான்றில், அதே மூன்று வருடமும் பொன்னேரியில் ஒரு சில்லறைக் கடையின் முழுநேர மருந்தாளுநர் என்று இருக்கிறது. நேர்காணலுக்கு முன் விளக்கம் வேண்டும். பொய்த் தகவல் என்று தெரிந்தால், இந்தக் கூட்டமைப்பிலுள்ள எந்த நிறுவனத்திலும் இனி விண்ணப்பிக்க முடியாது.

மருந்தாளுநர் கவுன்சிலிடம் நானே கேட்டு அனுப்ப வைத்த சான்று அது! அதில் என்ன இருக்கும் என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. அந்தக் கடை என்னுடைய வேலை என்று எனக்கு எப்போதுமே தோன்றியதில்லை.

மறுநாள் ஞாயிறு. பொன்னேரிக்குப் போனேன். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். மாமாவிடம் சொன்னதும் அவர் எலும்பை உறிஞ்சி வைத்துவிட்டுச் சிரித்தார்.

"அவ்ளோதானா? பார்ட் டைமுன்னு எய்தி உடு. வெள்ளக்காரனுக்கு பொன்னேரி இன்னா தெரியும்?"

"தெரிஞ்சிக்கினுதான் மாமா கேக்கறாங்க."

"அப்ப ஆஸ்பத்திரிய உட்டுட்டு இங்க வந்து உக்காரு. பொய்யே இல்ல. சொந்தக் கடை, ஃபேன் காத்து, மதியானம் அக்கா கையால சோறு."

"ஆஸ்பத்திரில கீறவங்களுக்குத்தான் அந்த சீட்டு."

"இன்னா பேஜாரா கீது" என்று கை கழுவப் போனார். நாங்கள் எல்லாரும் கடைக்கு நடந்தோம். மதியத்துக்குப் பின் திறக்க வேண்டும்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பகுதிநேரம் என்று பொய் எழுதத்தான் அப்போது நினைத்திருந்தேன். எந்தெந்த நாளில் என் கையெழுத்து விழுந்திருக்கிறது என்று தெரிந்தால் கதையைப் பொருத்திக்கொள்ளலாம். அதற்காகப் பதிவேட்டை எடுத்துப் பின்னோக்கிப் புரட்டினேன். முதல் தடவையாக வரிகளைப் படித்தேன்.

ஆறு மாதத்துக்கு முந்தைய பக்கத்தில் அது இருந்தது. வலிப்பு மாத்திரை, ஐந்து, 'வடக்கத்தி ஆள்'. நாலைந்து நாள் தள்ளி மறுபடி ஐந்து. அடுத்த பக்கத்தில் மறுபடி. மூன்று வரிக்கும் நேராக என் கையெழுத்து. இரண்டு நீலத்தில், ஒன்று கறுப்பில்.

"மாமா, இந்த வலிப்பு மாத்திர யாருக்குக் குடுத்தீங்க?"

எட்டிப் பார்த்தார். "அந்த ஒடிசாக்காரனா? ஒல்லியா, காதுல கடுக்கன் போட்டுக்கினு? பாவம், நம்ம கடை எதிர்லயே வலிப்பு வந்து உய்ந்தான். நான்தான் ஆட்டோ வச்சி உங்க ஆஸ்பத்திரிக்கே அனுப்பிச்சேன். அப்புறம் ஒரு நாள் அட்டையக் காட்டி இது வேணும்னான். நம்மகிட்ட வேற கம்பெனிதான் இருந்துச்சு. அதான்டா இதுன்னு சொல்லித்தான் குடுத்தேன். ஏன், நல்லாகீறானா?"

"தமிழ்லயா சொன்னீங்க?"

"பின்ன? எனக்கு இந்தி தெரியுமா?"

எனக்குத் தெரியும். அரைகுறைதான், ஆனால் 'இரண்டும் ஒன்று, ஒன்றை மட்டும் சாப்பிடு' என்று சொல்லப் போதுமானது. அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தால் ஒரு நிமிட வேலை. 'மருந்தாளுநர் இல்லாத ஏதோ ஒரு கடை' என்று நான் அழகாக எழுதி அனுப்பிய கடையில், சட்டப்படி மருந்தாளுநர் இருந்தார். தலைக்கு மேலே சட்டத்துக்குள், கல்லூரிக் காலத்துப் புகைப்படத்தில், நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மாமாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"செத்துட்டானா?"

"இல்ல மாமா. பொழைச்சிக்கினாரு. குடிகாரன்னு பேரு வந்து, கான்ட்ராக்டரு ஊருக்கு ரயிலேத்தி உட்டாரு."

"நான் வேணும்னு செய்யல பாப்பா."

"தெரியும். கையெழுத்து என்னுது."

அக்கா அதுவரை அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துணியை உதறினாள். "சர்ட்டிபிகேட்ட எடுக்கப் போறியா? சொல்லு, நேராச் சொல்லு. நீ ஆப்பிரிக்கா போய்க் கத்துக்கினு வந்து ஊர ரட்சிக்கறதுக்கு, என் புள்ளைங்க ஷட்டர இய்த்து மூடிட்டு ஊட்ல உக்காரணுமா? உனுக்கு ஃபீஸ் கட்டசொல்ல இந்தக் கடை நல்ல கடையா இருந்துச்சு இல்ல?"

அவள் சொன்னது எதுவும் பொய் இல்லை. ரயிலில் பெண்கள் பெட்டியில் வாசலோரம் நின்றுகொண்டு வந்தேன். இறங்கிவிட்ட பிறகும் எந்த ஸ்டேஷன் என்று ஒரு நிமிடம் தெரியவில்லை.

திங்கள் மதியம் ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து நேபாளத் தோழிக்கு போன் செய்தேன். அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் கடைசிவரை கேட்டாள். பிறகு, "என்னுடையதும் சித்தப்பா கடையில்தான் இருந்தது" என்றாள். "விண்ணப்பிக்க இரண்டு மாதம் முன்னால் எடுத்துவிட்டேன். நீ ஏன் எடுக்கவில்லை?"

"தோணவே இல்லை."

"பகுதிநேரம் என்று எழுது. எழுதிவிட்டு வா. வார்டில் நின்று நாம் எத்தனை பேரைக் காப்பாற்றலாம் என்று யோசி." பிறகு வேறு குரலில், "என் விஷயத்தைச் சொல்லிவிட மாட்டாயே?" என்றாள்.

மாட்டேன் என்றேன். போனை வைத்த பிறகும் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். எத்தனை சனிக்கிழமைகள் அந்தத் திரையில் உட்கார்ந்திருந்தோம்! சிறுநீரகம் கெட்டவருக்கு எந்த மருந்தை எவ்வளவு குறைப்பது என்று ஐரோப்பாவிலிருந்து சொல்லிக்கொடுத்தார்கள். நாங்கள் போட்டி போட்டுக் கற்றோம். நாடு விட்டு நாடு எங்களுக்குள் பொதுவாக இருந்த ஒன்று, அந்தச் சுவர்ச் சட்டம். அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. சொல்லிக்கொடுத்தவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தெரிந்த நாங்கள், சீட்டுக்காக, தெரியாதவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தோம். திரையில் இன்னும் எத்தனை முகங்களுக்குப் பின்னால் ஒரு கடை இருந்ததோ.

பகுதிநேரம் என்று எழுதினால் அநேகமாக நம்பிவிடுவார்கள். ஆப்பிரிக்க வார்டில் நிற்பேன். அங்கே குழறும் நாக்கோடு யார் வந்தாலும் என் கறுப்புக் கையெழுத்துதான் கண்ணில் நிற்கும். உண்மையை எழுதினால் சீட்டு போகலாம், கடை போகும், என் பதிவே போகலாம். மூன்றாவது வழி ஒன்றை அன்று மாலைவரை தேடினேன். எவ்வளவு வேகமான மூளை என்று எனக்கு என்மேல் ஒரு கர்வம் உண்டு. அது எங்கும் போகாமல் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தது.

டியூட்டி முடிந்து கோட்டைக் கழற்றுவதற்கு முன் எழுதி அனுப்பிவிட்டேன். கடை யாருடையது, மூன்று வருடம் என்ன செய்தேன், என் கட்டுரையில் வரும் கடை எது, எல்லாவற்றையும். தோழியைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. பதில் செவ்வாய் காலை வந்தது: கிடைத்தது, குழு பரிசீலிக்கும், வெள்ளிக்கிழமை நேர்காணலுக்கு வரவும். அதில் ஆறுதலும் இல்லை, கோபமும் இல்லை. அதைப் பத்துத் தடவை படித்துவிட்டேன்.

மாமா என்னோடு பேசுவதில்லை. அக்காதான் செய்தி அனுப்புகிறாள். பார்மசி டிப்ளமோ முடித்த இரண்டு பெண்களைக் கேட்டுப் பார்த்தார்களாம். 'ரெண்டு பேருமே செவுத்துக்கு மட்டும் வரோம்னுதான் சொல்றாங்க. உக்கார வரமாட்டாங்களாம். எல்லாம் உன்ன மாதிரியே புத்திசாலிங்க.' அதற்குக் கீழே, 'நாளைக்கு வந்து நீயே கழட்டிக்கினு போ. அவரு தொட மாட்டாராம்.'

நாளைக்கு லீவு சொல்லியிருக்கிறேன். காலை ஏழு மணிக்கு ஷிஃப்ட் மாறும்போது அந்த உருட்டாலை கேட்டில் நிற்க வேண்டும். சூப்பர்வைசரைப் பிடித்தால் கான்ட்ராக்டர் நம்பர் கிடைக்கும். கான்ட்ராக்டரைப் பிடித்தால் ஒடிசா நம்பர் கிடைக்கலாம். இரண்டும் ஒரே மாத்திரை என்று அந்த மனிதரிடம் இன்றுவரை யாரும் சொல்லவில்லை. நான் லீவில் இருந்த ஞாயிறன்று அவரை அனுப்பிவிட்டார்கள். கண்டுபிடித்த பெருமையில் நானும் படிப்பு தேடிக்கொண்டிருந்துவிட்டேன். சொல்ல வேண்டியதை இந்தியில் எழுதி வைத்திருக்கிறேன், தடுமாறாமல் இருக்க. பிறகு பொன்னேரி. சட்டத்தைக் கழற்ற ஸ்டூலில் ஏற வேண்டும். அக்கா பிடித்துக்கொள்வாளா தெரியாது. பன்னிரண்டுக்குள் திருவள்ளூர் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் கடை உரிமத்திலிருந்து என் பெயரை எடுக்கச் சொல்லும் படிவத்தைக் கொடுக்க வேண்டும். அதில் காரணம் எழுத ஒரு கட்டம் இருக்கிறது. 'சொந்தக் காரணம்' என்று எழுதினால் போதும் என்கிறார் பொறுப்பாளர் சார். நான் மூன்று வரி எழுதியிருக்கிறேன். வாங்கிக்கொள்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.